கே.பி. சுந்தராம்பாள்: மேடையிலிருந்து திரைக்கு - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பழம் நீயப்பா" பாட்டைக் கேட்காத தமிழ் வீடு குறைவு. பாடியவரைப் பற்றிக் கேட்டால், நாடக நடிகர் கிட்டப்பாவின் மனைவி, ஔவையாராக நடித்த பாட்டி என்ற இரண்டு தகவலோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கே.பி.எஸ். யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். 1908-இல் பிறந்து 1980-இல் மறைந்தார். சிறுமியாக நாடக மேடை ஏறி, இருபது வயதுக்குள் தமிழ் மேடையின் முதல் வரிசைக்கு வந்தார். 1935-இல் 'பக்த நந்தனார்' மூலம் திரைக்கு வந்தார். 'ஔவையார்', 'பூம்புகார்', 'திருவிளையாடல்', 'காரைக்கால் அம்மையார்' ஆகியவை இன்றைக்கும் பேசப்படும் படங்கள். 1951-இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். 'கொடுமுடி கோகிலம்' என்பது ரசிகர்கள் கொடுத்த பெயர்.

நாடகத்துக்கு எப்படி வந்தார்?

வறுமைதான் கொண்டுவந்தது. காவிரிக்கரையில், மகுடேசுவரர் கோயில் இருக்கும் கொடுமுடியில் பிறந்தவர். தாய் பாலாம்பாள் தனியாளாகப் பிள்ளைகளை வளர்க்கப் பாடுபட்டார். குழந்தை சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கினார் என்றும், ரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எஃப்.ஜி. நடேச ஐயர் அந்தக் குரலைக் கேட்டு நாடகத்துக்கு வழிகாட்டினார் என்றும் அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. சேர்ந்தது வேலு நாயரின் நாடகக் கம்பெனி.

முதலில் கிடைத்தவை சிறுவர் வேடங்கள். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் மூத்த பிள்ளையாக வந்து, வயிறு பசிக்கிறதே என்று பாடினால் கொட்டகை கண்ணீர் விடும் என்பார்கள். பஞ்சத்தில் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் தாயின் கதை அது. பாடிய பிள்ளைக்கும் பசி தெரியாத ஒன்றல்ல. நடிப்புக்குப் பள்ளிக்கூடம் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், அவருக்கு முதல் பாடம் இப்படித்தான் கிடைத்தது.

அந்தக் கால நாடகம் எப்படி இருக்கும்?

இதைத் தெரிந்துகொண்டால் அவருடைய திரை வாழ்க்கை பாதி விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நாடகம் நடக்கும். கதைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சாரங்கதரன், நந்தனார், ஞானசௌந்தரி. இவற்றில் பலவற்றுக்கு மேடைப் பிரதி எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). கதாநாயகன் ராஜபார்ட், கதாநாயகி ஸ்திரீபார்ட், சிரிக்க வைப்பவர் பபூன். பக்கத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும்.

'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒரு வகை உண்டு. ஒரே கம்பெனியில் சேர்ந்து ஒத்திகை பார்த்தவர்களாக இல்லாமல், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பெயர்பெற்ற நடிகர்களை அன்றைய இரவுக்கு மட்டும் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை தெரியும், பாட்டு தெரியும், மற்றதெல்லாம் மேடையிலேயே. முருகன் வேடன் உருவில் வந்து வள்ளியை வம்புக்கு இழுக்க, வள்ளி பதில் சொல்ல, இரண்டு பேரும் பாட்டாலும் பேச்சாலும் மோதிக்கொள்வார்கள். அதைத் தர்க்கம் என்பார்கள். எதிராளி எந்த ராகத்தில், எந்தக் கேள்வியோடு வருவார் என்று முன்கூட்டித் தெரியாது. பதில் வரவில்லை என்றால் கொட்டகையே கேலி செய்யும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய வள்ளி திருமணம் போடுகிறார்கள். போய்ப் பார்த்தால் அந்தப் பரபரப்பு புரியும்.

அப்புறம், ஒலிபெருக்கி கிடையாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் கடைசி வரிசை தரை டிக்கெட்காரருக்கும் ஒவ்வொரு சொல்லும் பிசகாமல் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் உச்ச சுருதி. அதனால்தான் சொல்லைப் பிளக்காமல், மெய்யெழுத்தை விழுங்காமல் பாடும் பழக்கம். கே.பி.எஸ்ஸின் 'ழ'கரமும் 'ற'கரமும் அவ்வளவு துல்லியமாக விழுவதற்குக் காரணம் இந்தக் கொட்டகைகள்தான்.

கிட்டப்பாவை எங்கே சந்தித்தார்?

கொழும்பில். தமிழ் நாடகக் கம்பெனிகள் கப்பல் ஏறி இலங்கைக்குப் போய் மாதக்கணக்கில் நாடகம் போடுவது அன்று வழக்கம். அங்கே நல்ல வசூலும் இருந்தது, இசை தெரிந்த ரசிகர்களும் இருந்தார்கள். சுந்தராம்பாள் அங்கே ஏற்கெனவே புகழோடு இருந்தார்.

எஸ்.ஜி. கிட்டப்பா 1906-இல் செங்கோட்டையில் பிறந்தவர். இளம்வயதிலேயே ராஜபார்ட்டாக ஊரையெல்லாம் கட்டிப்போட்டவர். "காயாத கானகத்தே" என்று அவர் எடுத்தால் அந்த ஒரு பாட்டுக்காகவே டிக்கெட் விற்கும். அவரோடு மேடையில் நின்று தாக்குப்பிடிப்பது யாராலும் முடியாது என்பது பொதுவான பேச்சு. 1926-இல் கொழும்பில் இருவரையும் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் சேர்த்து நிறுத்தினார்கள். அவர் முருகன், இவர் வள்ளி. பதினெட்டு வயதுப் பெண் பின்வாங்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு பதில் வந்தது. அன்றிலிருந்து கிட்டப்பா-சுந்தராம்பாள் ஜோடி என்றால் கொட்டகை நிரம்பும் என்றானது.

இந்த நிகழ்வைக் காதல் கதையின் தொடக்கமாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் அந்த மேடையில் முதலில் நடந்தது ஒரு தொழில் போட்டி. அதில் அவர் தோற்கவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் திருமண வாழ்க்கை எப்படி இருந்தது?

1927-இல் திருமணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி இருந்தார். சாதியும் வேறு. இருவரும் ஊர் ஊராகச் சேர்ந்து நடித்தார்கள், பெரும்புகழும் பணமும் வந்தன. பிறகு மனக்கசப்பு, பிரிவு. அவர்களுக்குப் பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. இந்தக் காலத்தில் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சிலும் வந்தன. அன்பும் கோபமும் மன்றாடலும் தன்மானமும் ஒன்றாகக் கலந்து இருக்கும் கடிதங்கள் அவை.

1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அதன் பிறகு நடிப்பை விட்டுவிட்டாரா?

இல்லை. வெள்ளைச் சேலைக்கு மாறினார், நகைகளை ஒதுக்கினார். ஆண் நடிகர் யாரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அந்த முடிவை 1980 வரை மீறவில்லை.

இதைத் துறவு என்று மட்டும் பார்த்தால் போதாது. 25 வயது நடிகைக்கு அன்றைய மேடையில் இருந்த ஒரே பெரிய இடம் ஸ்திரீபார்ட். அதாவது வள்ளி, அல்லி, பவளக்கொடி எனக் காதலிக்கும் பெண்கள். அந்த வேடங்களை ஒதுக்குவது தொழிலையே கைவிடுவதற்குச் சமம். அவர் கைவிடவில்லை, தனக்கான வேடங்களை வேறு பக்கம் தேடினார். திரையில் அவர் ஏற்ற பெரிய பாத்திரங்களை வரிசையாகப் பாருங்கள்: நந்தனார், மணிமேகலை, ஔவை, கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார். ஒருவர் இறைவனைத் தேடிப் போனவர், ஒருவர் இளமையிலேயே துறவு பூண்டவர், ஒருவர் முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவர், ஒருவர் சமணத் துறவி, ஒருவர் அழகே வேண்டாம் என்று பேயுருவை வேண்டியவர். இல்லறத்துக்கு வெளியே நின்றவர்களை மட்டும் நடித்தே ஒரு பெண் நாற்பதாண்டுக் காலம் கதையின் நடுவில் நின்றிருக்கிறார். தமிழ்த் திரையில் வேறு யாருக்கும் இப்படி ஒரு வரிசை இல்லை.

'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியது உண்மையா?

உண்மை. தயாரிப்பாளர் அசன்தாஸ் அணுகியபோது சினிமாவில் நடிக்க அவருக்கு விருப்பம் இல்லை. ஆளைத் திருப்பி அனுப்புவதற்காகவே ஒரு லட்சம் கேட்டார் என்றும், அவர் ஒப்புக்கொண்டுவிட்டதால் நடிக்க வேண்டியதாயிற்று என்றும் சொல்வார்கள். இந்திய சினிமாவில் ஒரு படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கிய முதல் நடிகர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த ஆண் நட்சத்திரங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

அந்தத் தொகையின் அளவு புரிய வேண்டுமானால், பவுன் முப்பது ரூபாயைத் தாண்டாத காலம் அது. மூவாயிரம் பவுனுக்கு மேல் வாங்கக்கூடிய பணம். தமிழில் பேசும்படம் வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

பெண் ஏன் நந்தனாராக நடித்தார்?

மேடையில் அது புதிதல்ல. பெண்கள் ராஜபார்ட் போடுவதும், பையன்கள் ஸ்திரீபார்ட் போடுவதும் சாதாரணம். குரல் பொருந்தினால் போதும், வேடத்தை ரசிகர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஜோடி வேண்டாம் என்ற அவருடைய முடிவுக்கும் நந்தனார் பொருத்தமான பாத்திரம். நந்தனாரை வேலை வாங்கும் வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படத்தில் இருந்த 41 பாட்டுகளில் 19 கே.பி.எஸ்ஸுடையது.

இயக்கியவர் மாணிக்லால் டாண்டன். கல்கத்தாவில் படமாக்கினார்கள். டாண்டனுடன் அமெரிக்காவில் சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன் படப்பிடிப்பைப் பார்க்க வந்து, சில காட்சிகளை எடுத்தும் கொடுத்தார். அவர் தமிழ் சினிமாவுக்குள் கால் வைத்தது அப்படித்தான்.

பின்னணி பாடும் முறை அப்போது வரவில்லை. கேமரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும், அதுவே பதிவாகும். எட்ட நின்று பாடினாலும் குரல் விழ வேண்டும். கொட்டகையில் பழகியவருக்கு இது கஷ்டமே இல்லை. கேமராவுக்கு முன்னால் அடக்கி நடிப்பதுதான் பழக வேண்டியதாக இருந்தது. படம் வந்ததும் எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் அதைக் கடுமையாக விமர்சித்தார். பாட்டுகளோ இசைத்தட்டுகளில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

அரசியலில் என்ன செய்தார்?

காங்கிரஸ் பிரச்சாரத்தில் அவர் குரலுக்கு முக்கிய இடம் இருந்தது. நாடகக்காரர்களை மரியாதைக் குறைவாகப் பார்த்த காலத்தில், மக்களிடம் போக அவர்களைவிடச் சிறந்த வழி இல்லை என்று உணர்ந்த தலைவர் சத்தியமூர்த்தி. அவர் இவரை மேடைக்கு அழைத்தார். 1937 தேர்தலில் கே.பி.எஸ். ஊர் ஊராகப் போய்ப் பாடினார். "காந்தியோ பரம ஏழை சந்நியாசி" என்ற அவருடைய இசைத்தட்டு அந்த நாளில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது.

நாடக மேடையே அப்போது அரசியல் மேடையாகத்தான் இருந்தது. விஸ்வநாததாஸ் வள்ளி திருமணத்தில் முருகனாக நின்று, வள்ளி விரட்டும் பறவைகளைச் சாக்காக வைத்து வெள்ளைக்காரர்களைக் குத்திக்காட்டி வெள்ளைக் கொக்கு பறக்கிறது என்று பாடி, அதற்காகப் பலமுறை சிறை போனார். நாடகத்தையே தடுக்க 1876-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அரசின் கையில் இருந்தது. அந்தச் சூழலில் கதர் கட்டிக்கொண்டு பாடுவது சும்மா பாடுவது அல்ல.

சுதந்திரத்துக்குப் பின் 1951-இல் காங்கிரஸ் அவரைச் சென்னை மாகாண மேலவைக்கு அனுப்பியது. திரைக்கலைஞர்களில் சட்டமன்ற அவைக்குள் நுழைந்த முதல் ஆள் அவர். பின்னாளில் முதல்வர்களே திரையுலகிலிருந்து வந்த மாநிலம் நம்முடையது. அந்த வரிசையின் முதல் பெயராக இவரை நாம் சொல்வதே இல்லை.

ஏன் இவ்வளவு குறைந்த படங்கள்?

மொத்தம் ஒரு டஜனை ஒட்டித்தான் வரும். 1935-இல் 'பக்த நந்தனார்', 1940-இல் 'மணிமேகலை', அடுத்தது 1953-இல் 'ஔவையார்', அடுத்தது 1964-இல் 'பூம்புகார்'. இடைவெளிகளைப் பாருங்கள். வாய்ப்புக் குறைவு ஒரு காரணம் என்றாலும், பிடித்த வேடம் வந்தால் மட்டும் நடிப்பது என்ற முடிவுதான் பெரிய காரணம். நடுவில் சும்மா இருக்கவில்லை. கச்சேரிகள், நாடகங்கள், இசைத்தட்டுகள், கோயில் விழாக்கள் என்று பாடிக்கொண்டே இருந்தார். சினிமா அவருக்குப் பிழைப்பின் ஒரு கிளைதான், வேர் பாட்டு.

'ஔவையார்' படம் ஏன் இவ்வளவு பெரிய வெற்றி பெற்றது?

ஜெமினி எஸ்.எஸ். வாசன் பல ஆண்டுகள் உழைத்து, பணத்தைக் கொட்டி எடுத்த படம். இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. 1953 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது. ஔவையின் பாட்டுக்கு யானைக் கூட்டம் வந்து கோட்டையை உடைக்கும் காட்சியைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

யானைகளைவிடப் பெரிய காரணம் நடுவில் நின்ற பாட்டி. கே.பி.எஸ்ஸுக்கு அப்போது 45 வயதுதான். முதுகை அதிகம் வளைக்காமல், குரலை நடுங்க விடாமல் நடித்தார். முதுமையை நடையின் நிதானத்திலும் கண்ணின் கனிவிலும் காட்டினார். அரசர்களைக் கண்டிக்கும் இடத்தில் குரல் உயர்வதில்லை, சொல் மட்டும் இறுகும். சங்ககால ஔவையையும் நீதிநூல் பாடிய ஔவையையும் ஒருவராக்கிய கதை அது. தமிழாசிரியர்கள் அதைக் குறை சொல்லலாம். ஆனால் ஔவையார் என்றதும் இன்றைக்கும் நம் கண்முன் வருவது கையில் கோலூன்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசிய சுந்தராம்பாளின் உருவம்தான். பாடப்புத்தகப் படங்களில்கூட அந்தச் சாயல் இருக்கும். ஒரு புலவருக்கு முகம் கொடுத்த நடிகை அவர்.

'பூம்புகார்' படத்தில் பாட்டு வரியை மாற்றச் சொன்னாராமே?

ஆமாம். அந்தப் படத்தின் வசனம் மு. கருணாநிதி. கண்ணகிக்கு நேர்ந்த அநீதியைப் பார்த்துக் கவுந்தி அடிகள் பாடும் பாட்டில், நின்று கொல்லும் தெய்வம் எங்கே போய்விட்டது என்ற பொருளில் ஒரு வரி. தெய்வம் எங்கே என்று தன் வாயால் பாட மாட்டேன் என்றார் கே.பி.எஸ். முருக பக்தி அவருக்கு அவ்வளவு ஆழம். அந்தத் தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று வரி மாறியது. அப்படியே பாடினார்.

இதில் இருவருக்கும் பெருமை இருக்கிறது. கடவுள் மறுப்பாளரான எழுத்தாளர், காங்கிரஸ்காரரான பக்தை. கட்சியும் நம்பிக்கையும் எதிரெதிர். இருந்தும் அந்த வேடத்துக்கு இவரைத் தவிர வேறு ஆள் இல்லை என்று இவரைத் தேடிப் போனார்கள், இவருடைய மனத்தடையை மதித்தார்கள். இவரும் வேடம் பிடித்திருந்ததால் ஏற்றார், பிடிக்காததை நேராகச் சொன்னார்.

"பழம் நீயப்பா" பாட்டுக்கும் நாடக மேடைக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. அது சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு. ஏ.பி. நாகராஜன் 1965-இல் 'திருவிளையாடல்' எடுத்தபோது அதைக் கே.வி. மகாதேவன் இசையில் கே.பி.எஸ். பாடினார். ஏ.பி. நாகராஜனும் சிறுவயதில் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்தான். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளையாக இருந்த இயக்குநர், அந்தக் காலத்து ஸ்திரீபார்ட்டை அழைத்து, நாடக ஆசிரியர் சுவாமிகளின் சொல்லைப் பாட வைக்கிறார். எதிரே கயிலாயக் காட்சியில் சிவனாக இருக்கும் சிவாஜி கணேசனும் நாடகத்தில் பிறந்தவர். அந்தப் படம் முழுவதுமே மேடைக்காரர்கள் திரையில் செய்த நாடகம் என்று சொல்லலாம்.

பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் கெஞ்சல், அடுத்து சமாதானம், பிறகு கொஞ்சம் உரிமையான கண்டிப்பு. கோபித்துக்கொண்டு போன பேரனைச் சமாதானப்படுத்தும் பாட்டியின் மனநிலை மாறிக்கொண்டே போகிறது. இரண்டு சங்கதிக்கு நடுவே அவர் முகம் மாறுவதையும் பாருங்கள். ஐம்பத்தேழு வயதில், உச்சத்தில் நின்றுகொண்டு ஒரு சொல்லையும் சிதைக்கவில்லை. அதே படத்தில் "ஒன்றானவன் உருவில் இரண்டானவன்" என்று எண்களை அடுக்கிக்கொண்டு போகும் பாட்டும் அவருடையதே.

அவர் நல்ல பாடகி, சரி. நல்ல நடிகை என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பாடுவதையும் நடிப்பதையும் இரண்டு வேலையாகப் பார்க்கும் பழக்கம் பின்னணிப் பாட்டு வந்த பிறகு வந்தது. அவர் வளர்ந்த மேடையில் இரண்டும் ஒன்றே. தர்க்கத்தில் பாட்டுதான் வசனம். எந்தச் சொல்லில் நிறுத்தினால் எதிராளி திணறுவார், எந்த இடத்தில் குரலை விட்டால் கொட்டகை எழும் என்பதெல்லாம் நடிப்பின் கணக்கு.

அவருடைய நடிப்பில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வசனத்தைக் கடைசி வரிசைக்குப் பேசும் பழக்கம் சில படங்களில் துருத்திக்கொண்டு நிற்கும். சின்ன அசைவுகளில் கதை சொல்லும் நடிகை அவர் இல்லை. நெருக்கக் காட்சிகளில் கேமரா வேண்டிய அளவுக்கு அவர் இறங்கி வந்ததும் இல்லை. ஆனால் வேடத்தின் மதிப்பை ஒரே நிலையில் தாங்கி நிற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. 'கந்தன் கருணை' (1967) படத்தில் முருகன் கேட்கக் கேட்க, அரியது எது, கொடியது எது, இனியது எது, பெரியது எது என்று ஔவை அடுக்கும் இடத்தைப் பாருங்கள். பாட்டும் பேச்சும் எங்கே பிரிகின்றன என்று கண்டுபிடிக்க முடியாது. வள்ளியாக நின்று முருகனுக்குப் பதில் சொன்னவர், நாற்பது வருடம் கழித்துப் பாட்டியாக நின்று அதே முருகனுக்குப் பதில் சொல்கிறார். கற்ற வித்தை அதுதான்.

என்னென்ன விருதுகள் கிடைத்தன?

1969-இல் வந்த 'துணைவன்' படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பி. சுசீலா அந்த விருதைப் பெற்ற முதல் பெண்ணாகியிருந்தார். 1970-இல் பத்மஸ்ரீ. பத்மஸ்ரீயும் தேசிய விருதும் அறுபது வயதுக்குப் பிறகு வந்தவை.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

பாட்டோடுதான். 1964-க்குப் பிறகு பக்திப் படங்களின் அலை வந்ததால், இளமையில் இருந்ததைவிட முதுமையில் அதிகப் படங்கள் நடித்தார். 'மகாகவி காளிதாஸ்', 'உயிர்மேல் ஆசை', 'சக்தி லீலை', 'திருமலை தெய்வம்', 'காரைக்கால் அம்மையார்' எல்லாம் அந்தக் காலத்தவை. சொந்த ஊரில் தன் பெயரில் திரையரங்கு கட்டினார். 1969-இல் அதன் திறப்பு விழாவுக்கு முதல்வர் கருணாநிதியும் எம்.ஜி.ஆரும் கொடுமுடிக்கு வந்தார்கள். ரயிலில் பாடிய பிள்ளையின் ஊருக்கு!

முன்பின் பார்க்காமல் உதவியவர், கோயில்களுக்குக் கட்டணம் பேசாமல் பாடியவர் என்று அவரைத் தெரிந்த தலைமுறை சொல்லும். பணம் பேச வேண்டிய இடத்தில் கறாராகப் பேசியதும் அதே ஆள்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

'திருவிளையாடல்' எல்லோரும் பார்த்ததுதான். அதனால் 'காரைக்கால் அம்மையார்' (1973) படத்தைச் சொல்வேன். அதில் "தகதகதகவென ஆடவா" பாட்டை முதலில் காதால் மட்டும் கேளுங்கள். பாடும்போது அவருக்கு 65 வயது. தாளம் வேகம் பிடிக்கப் பிடிக்கக் குரல் தளராமல் மேலே மேலே போகும்.

அடுத்தது 'பூம்புகார்'. கவுந்தி அடிகள் வரும் காட்சிகளை மட்டுமாவது பாருங்கள். எஸ்.எஸ். ராஜேந்திரனும் விஜயகுமாரியும் வசன நடிப்பில் கொடிகட்டிப் பறந்தவர்கள், அவர்களுக்கு நடுவில் இவர் எவ்வளவு குறைவாகச் செய்து எவ்வளவு இடத்தை நிரப்புகிறார் என்று தெரியும். 'ஔவையார்' மூன்றாவதாக இருக்கட்டும். நீளமான படம், பொறுமை வேண்டும். பாட்டுகள் ஏராளம். ஒரே மூச்சில் பார்க்காமல் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

பழைய இசைத்தட்டுப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. கிட்டப்பாவின் பதிவுகளும் உண்டு. சத்தம் கரகரவென்று இருக்கும், இரண்டு மூன்று முறை கேட்டால் காது பழகிவிடும். முதலில் கிட்டப்பாவின் "காயாத கானகத்தே" பாட்டைக் கேட்டுவிட்டு, உடனே சுந்தராம்பாளின் முப்பதுகளின் பாட்டு ஒன்றைக் கேளுங்கள். 1926-இல் கொழும்பு ரசிகர்கள் எதற்காகக் கொட்டகைக்கு முண்டியடித்துக்கொண்டு போனார்கள் என்பது விளங்கும்.